பத்துக்கு ஒன்று

"பத்துப் பேரையும் விட்டுடுங்கய்யா! இல்லேன்னா பொழுது சாயறதுக்குள்ள எம் புருஷன் பொணமாத்தான் வருவாரு!"

எருசலேம் கோயில் காவல் தலைவர் பஸ்கூரின் காலடியில் விழுந்து சப்பீரா போட்ட கூச்சலில், பஸ்காப் பண்டிகைக்கு வந்திருந்த ஜனமெல்லாம் வாசலில் கூடிவிட்டது.

அவள் நீட்டிய ஓட்டுச்சில்லை வாங்கிப் படித்தார் பஸ்கூர். 'உன் எழுத்தன் யாக்கீம் எங்களிடம் இருக்கிறான். சிறையிலுள்ள எங்கள் ஆட்கள் பத்துப் பேரும் வெளியே வரவேண்டும். - குறுவாள்காரர்கள்.'

"ஆட்டைக் கடிச்சு, மாட்டைக் கடிச்சு, கடைசியில என் ஆளையே கடிச்சுட்டானுங்களா!"

அவர் சட்டென்று ஓரடி பின்வாங்கிச் சுவரோடு ஒட்டி நின்றார். நிற்கமாட்டாரா பின்னே? ரோமானியருக்குக் கைகட்டி நிற்கும் பெரிய மனிதர்களாகப் பார்த்துத் தீர்த்துக்கட்டுவதுதான் குறுவாள்காரர்களின் வேலை. பட்டப்பகலில் கூட்டத்தோடு கூட்டமாக வருவான். அங்கிக்குள்ளிருந்து உருவி ஒரே குத்து. பிறகு "ஐயோ, கொலை!" என்று எல்லாருக்கும் முன்னால் அலறுபவனும் அவனே. முந்தாநாள் பஸ்கூரின் மைத்துனர் அப்படித்தான் போய்ச் சேர்ந்தார்.

துணைத் தலைவன் இத்தாய் மட்டும் மசியவில்லை. "விடக் கூடாதுங்க. விடிஞ்சா பத்துப் பேருக்கும் சிலுவை. ஆளுநர் கேட்டா என்ன பதில் சொல்றது?"

"அந்தப் பதிலை எழுதவே எம் புருஷன்தானேய்யா வேணும்!" என்று பாய்ந்தாள் சப்பீரா. "கிரேக்கம் தெரிஞ்சவன் உங்ககிட்ட வேற எவன் இருக்கான்?"

பஸ்கூருக்குச் சுருக்கென்றது. யாக்கீம் இல்லாவிட்டால் அவருக்குக் கை ஒடிந்த மாதிரிதான்.

"அப்போ இந்தம்மா வீட்டுக்கு நாலு வீரர்களை அனுப்புவோம்," என்றான் இத்தாய். "அக்கம்பக்கத்துல விசாரிச்சா துப்புக் கிடைக்கும்."

சப்பீரா சட்டென்று எழுந்து அவன் வழியை மறித்தாள்.

"அனுப்புங்க! ஒரு வீரன் தலை எங்க தெருவுல தெரிஞ்சாலும் அவரைக் குத்திப் போட்டுருவானுங்க. அப்படியே என்னையும் சேர்த்துப் புதைச்சுட்டுப் போங்க!"

மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டாள். கூட்டத்துப் பெண்களும் மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். "பாவி மனுஷா, விட்டுத் தொலையேன்!" என்று எங்கிருந்தோ ஓர் ஆண்குரல் வந்தது.

பஸ்கூர் கூட்டத்தைப் பார்த்தார். எத்தனை அங்கிகள்! எதற்குள் என்ன இருக்கிறதோ, யார் கண்டது?

"திறந்து விடு," என்றார்.

ஒவ்வொருவராக வந்தார்கள். சப்பீரா மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். எட்டு... ஒன்பது... பத்தாவது ஆள் நொண்டிக்கொண்டே வந்து ஜனத்துக்குள் மறைந்த பிறகுதான் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"போம்மா. உன் புருஷன் வந்துருவான்," என்றார் பஸ்கூர் களைப்போடு.

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். கதவைத் தாழிட்டாள். அடுப்படியிலிருந்த தானியக் குழியின் மூடியை மூச்சிரைக்க நகர்த்தினாள்.

"பத்துப் பேரும் தப்பிச்சாச்சா?" என்று உள்ளேயிருந்து தலையை நீட்டினான் யாக்கீம்.

"ஒருத்தர் பாக்கியில்லாம. சீக்கிரம் ஏறி வாங்க," என்று கையை ஓங்கினாள் சப்பீரா. "நல்லதா ரெண்டு அறை விடணும். கன்னம் வீங்காம போய் நின்னா எவன் நம்புவான்?"