நாணல் தொட வேண்டிய தண்ணீர்

வடக்கே பறக்கும் முன் உப்பங்கழி உள்ளான் பறவைகள் ஒவ்வொன்றும் ஒரு நாணல் நுனியில் உட்கார வேண்டும். நுனி வளைந்து தண்ணீரைத் தொட்டால் பயணத்துக்கு உடம்பு தேறிவிட்டது என்று பொருள். தொடாவிட்டால் கோடை முழுக்க இங்கேயேதான்.

தெள்ளி உட்கார்ந்தபோது நுனி தண்ணீருக்கு ஓர் அலகு நீளம் மேலேயே நின்றுவிட்டது. முதல் கூட்டம் கிளம்ப நான்கு நாள்தான் இருந்தது. அவள் நேராகப் படகுத்துறைக்குப் போய், மனிதர்கள் இறைத்த பொரியையும் பஜ்ஜித் துணுக்கையும் மூன்று நாள் விடாமல் தின்றாள். நான்காம் நாள் நுனி தண்ணீரில் முங்கியது.

"பார்த்தியாடா?" என்றாள் நண்பன் நெட்டைமூக்கனிடம்.

"பார்த்தேன் மகாராணி. வா, கழியை ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்."

பாதிச் சுற்றிலேயே மூச்சு வாங்கி, தெள்ளி சேற்றில் தொப்பென்று இறங்கினாள். அழுகை வந்தது.

"இமயமலை இந்தக் கழியைவிடக் கொஞ்சம் பெரிசு," என்றான் அவன். "அடுத்த கூட்டம் பத்து நாள் கழிச்சுத்தான். நானும் இருக்கேன், சேர்ந்து போவோம்."

அன்றிலிருந்து புழு, நத்தை, சின்ன இறால் என்று கிடைத்ததையெல்லாம் கலந்து தின்றாள். தினமும் பறந்தாள். பத்தாம் நாள் நாணல் நுனி அப்போதும் தண்ணீருக்கு ஒரு மயிரிழை மேலேயே நின்றது.

"அப்ப நீ இங்கேயே இரும்மா," என்றார் கூட்டத்தலைவர்.

"ஐயா, ஒரே ஒரு தடவை என் கூடப் பறந்து பாருங்க."

நான்காவது சுற்றில் தலைவர் பின்தங்கினார்.

"இன்னொரு சுத்து வரட்டுமா?" என்றாள் தெள்ளி.

"வேண்டாம் தாயே," என்றார் அவர், மூச்சிரைக்க. "நாளைக்கு நீ முன்னாடி பற. ஆனா கொஞ்சம் மெதுவா."