விடிந்தால் பந்தயம்

விடிந்தால் புதுச்சேரியிலிருந்து அந்தமானுக்குப் பாய்மரப் பந்தயம். மூன்று ஓடம் சேர்த்து அறிவுச்செல்வன் கட்டிய படகோ, அடி அண்ணாமலையில் அவன் வீட்டு வாசலிலேயே தள்ளுவண்டி மேல் நின்றது.

"பௌர்ணமிங்க, லாரி உள்ள வராது, திண்டிவனம் ரோட்டுலதான் நிக்கும். அதுவரைக்கும் கையால இழுத்துட்டுப் போங்க," என்றார் போலீஸ்காரர்.

"கடல்கூட வழி விடும், இந்தக் கூட்டம் விடாது!" அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

கிரிவலம் கிளம்பிய தெருக்காரர்கள் கயிற்றைப் பிடித்தார்கள். "ஏறி உக்காருங்க சார், நாங்க இழுக்கறோம்."

"அரோகரா!" படகு பறந்தது. திண்டிவனம் ரோடு முனையில் லாரியைக் கண்டதும் கத்தினான். "நிறுத்துங்கப்பா!"

"பாதியில நிறுத்தக் கூடாது சார்!"

ஒருவழியாகப் படகு நின்ற இடத்தில், அவன் மனைவி கவிநிலா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அதுக்குள்ள அந்தமான் போய்ட்டு வந்துட்டீங்களா?"