சிவந்த இடம்

கருத்துக்கணிப்புத் தாளை முன்னால் வைத்து, பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

‘ஆய்வில் நிரூபணமான முறைகளையே நோயாளிகளிடம் கையாள்கிறேன்.’

ஒன்று என்றால் ஒருபோதும் இல்லை. இரண்டு, எப்போதாவது. ஐந்து, எப்போதும்.

“எல்லாரும் அஞ்சு போட்டுருங்க. காலேஜ் பேரு கெடக் கூடாது,” என்றார் கோமதி மேடம்.

நர்சிங் கடைசி வருட வகுப்பே சமர்த்தாக வட்டம் போட்டது. அவளுக்குக் கை வரவில்லை.

காலையில்தான் வார்டில் பவுனம்மாவின் முதுகைத் தேய்த்துவிட்டு வந்திருந்தாள். வாதம் வந்து படுத்த படுக்கையான உடம்பு. இடுப்புக்குக் கீழே சிவந்திருந்தது.

சிவந்த இடத்தைத் தேய்த்தால் உள்ளே சதை நைந்து புண்ணாகும். ஆய்வுகளைக் காட்டி அதைப் பாடம் நடத்தியவர் இதே மேடம்தான். வார்டு சிஸ்டரோ ஸ்பிரிட்டை ஊற்றி, நன்றாகத் தேய் என்றார்.

தேய்த்தாள்.

“எரியுதுங் கண்ணு,” என்று முனகினாள் பவுனம்மா.

தாளில் ஒன்று என்ற எண்ணை வட்டமிட்டாள்.

பெயர் எழுத வேண்டாத தாள்தான். ஆனாலும் மேடம் ஒவ்வொன்றாகப் பார்த்தே வாங்கினார். அவளுடையதை மட்டும் அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் திருத்தாவிட்டால் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து கிடையாது. கையெழுத்து இல்லையென்றால் பரீட்சையும் கிடையாது.

ஊருக்குத்தான் உபதேசம். அவமானமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது.

மத்தியானம் மறுபடி வார்டு. அதே முதுகு. சிவப்பு இப்போது உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருந்தது.

சிஸ்டர் ஸ்பிரிட் பாட்டிலை நீட்டினார்.

வாங்கினாள். மூடியைத் திருகி மூடினாள். ஜன்னலில் வைத்தாள்.

பவுனம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்தாள். சிவந்த இடம் படுக்கையில் படவில்லை.

“யாரைக் கேட்டுச் செய்யற நீ?”

பயமாகத்தான் இருந்தது.

“தேய்க்க மாட்டேன் சிஸ்டர்.”

சிஸ்டர் போட்ட சத்தம் வராந்தாவின் கடைசி வரை கேட்டது. பவுனம்மா மட்டும் அசங்காமல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் மேடத்தின் மேஜைமுன் போய் நின்றாள்.

“திருத்திட்டேன் மேடம்.”

மேடத்தின் முகம் மலர்ந்தது. “அப்படி வா வழிக்கு.” ரெக்கார்டு நோட்டைத் திறந்து, பேனாவையும் எடுத்துவிட்டார். அப்புறம்தான் தாளைப் பார்த்தார்.

ஒன்று அடிக்கப்பட்டிருந்தது.

இரண்டைச் சுற்றி, அழுத்தமாக, ஒரு வட்டம்.