எட்டாவது ஆள்

சர்வர் பெட்டியை எட்டுப் பேர் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தோள்பட்டை விலகிய நாளிலிருந்து முனிரத்தினத்தின் கை பெட்டியைத் தொட்டுக்கொண்டு மட்டுமே வரும். அவர் பாரத்தை மற்ற ஏழு பேரும் வாங்கிக்கொள்வார்கள். மேஸ்திரிக்குத் தெரிந்தால் அன்றோடு வேலை போய்விடும்.

நடுப்படியில் பெட்டியை இறக்கி மூச்சு வாங்கியபோது, மேஸ்திரியோடு கூட ஏறி வந்த கம்ப்யூட்டர் இன்ஜினியர் அதைத் தட்டிக் காட்டினார். "உள்ள ஒரே சிப்புல அறுபத்துநாலு கோர். கோர்னா மூளை மாதிரி. ஒண்ணு சூடானா அதோட வேலைய மத்ததுங்க பாத்துக்கும்."

"அப்ப அதுவும் நம்ம கோஷ்டிதான் சார்" என்று தூக்குகிறவர்களில் ஒருவனான கன்னியப்பன் சிரித்தான்.

மேஸ்திரி சிரிக்கவில்லை. "சும்மா கெடக்கிறது எதுன்னு தெரியுமா சார்?"

"இனிமே வர்றதுல ஆயிரம் கோர். சும்மா இருக்கிறத அப்பவே கண்டுபிடிச்சு அணைச்சிடும்."

மேஸ்திரி ஒவ்வொருவர் கையாகப் பார்த்தார். "தூக்குங்கய்யா."

முனிரத்தினம் பல்லைக் கடித்துக்கொண்டு மெய்யாகவே தூக்கினார். பாரம் திடீரெனக் குறைந்ததும், ஏழு பேரும் ஒருசேர அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.