முதல் சங்கு

“என் தொகுதியில, என்னை விட்டுட்டு அவனையா கூப்பிட்டாங்க?”

தனகோர்ன் கைப்பேசியை மேஜையில் வீசினார். கஞ்சி சிந்தியது. திரையில் நரோங் சிரித்துக்கொண்டிருந்தார். ‘இன்று நாக்கோன் சவானில் இரண்டு பெண்களின் திருமணம். மூத்தவராக நின்று, அவர்கள் கைகளில் முதல் சங்குநீர் வார்த்து ஆசி கூறப் போகிறேன்’ என்று ஃபேஸ்புக்கில் எழுதியிருந்தார். அதற்குள் பதினோராயிரம் இதயக்குறிகள்.

“பொண்ணோட அப்பா வரலையாம் ஐயா,” என்றார் உதோம். பதினெட்டு வருஷமாகத் தனகோர்னுக்குக் கார் ஓட்டுகிறவர், கட்சி வேலையும் பார்க்கிறவர். “அந்த இடத்துல நிக்க ஒரு பெரிய மனுஷன் வேணும்னு கேட்டிருக்காங்க.”

“அப்பன் வரலைன்னா தொகுதி எம்.பி.தானய்யா அப்பன்! ஒரு தெருவுல நடந்து ஓட்டுக் கேக்காம, கட்சிப் பட்டியல்ல பேர் போட்டு உள்ள வந்தவனுக்கு இங்க என்ன வேலை?”

இருவரும் ஒரே கட்சி எம்.பி.க்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரே பாலினத்தவர் மணந்துகொள்ளலாம் என்ற இந்தச் சட்டத்தை எதிர்த்துத் தாய்லாந்து நாடாளுமன்றத்தில் அடுத்தடுத்துப் பேசியவர்கள்தான். ‘என் வீட்டு வாசப்படியை இது மிதிக்காது’ என்று தனகோர்ன் மேஜையைத் தட்டினார். நரோங் சீக்கிரமே மாறிக்கொண்டார். கட்சித் தலைவியும் மனம் மாறியபோது, தனகோர்னுக்கு மாறிக்கொள்ள நேரம் போதவில்லை. ஓட்டெடுப்பு நடந்த ஐந்து நிமிஷமும் கழிப்பறையில் இருந்தார்.

இப்போது நரோங் போகிற இடமெல்லாம் மல்லிகை மாலை. போன வாரக் கூட்டத்தில் தலைவி அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அடுத்த தேர்தலில் இந்தத் தொகுதியே அவருக்குத்தான் என்று பேச்சு. அன்றிலிருந்து தனகோர்னுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“யாரு பொண்ணுங்க?”

“நிச்சபத், ஒராவன்னு போட்டிருக்கு. நமக்குத் தெரிஞ்ச ஆளுங்க மாதிரி இல்ல.”

“எப்படித் தெரியும்? ஆளாளுக்கு ஒரு பிக்குவைப் பார்த்துப் பேரை மாத்திக்குதுங்க.”

உதோம் சிந்திய கஞ்சியைத் துடைக்கத் தொடங்கினார். பூன்மீ என்று ஒருவர் முதல் தேர்தலில் தோற்றுவிட்டு, பிக்கு சொன்னபடி தனகோர்ன் ஆன கதை அவருக்குத் தெரியும்.

பட்டுச்சட்டை எங்கே என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. மகள் தாவ் சியாங்மாய்க்கு வேலைக்குப் போனதிலிருந்து மனைவி மாலிக்குக் கோயிலே கதி. இன்றும் விடியுமுன்பே கிளம்பிவிட்டாள். தனகோர்னே அலமாரியைக் கலைத்துப் போட்டுத் தேடி எடுத்தார்.

“அந்த வானவில் துண்டு எங்கய்யா? கட்சி ஆபீஸ்ல கொடுத்தாங்களே?”

“கார் தொடைக்க வச்சுக்கோன்னு நீங்கதான் சொன்னீங்க.”

“அலசிக் கொண்டா.”

துண்டு ஈரம் காயாமலே கழுத்தில் ஏறியது. காரில் போகும்போது மறுபடி கைப்பேசியைப் பார்த்தார். பதினான்காயிரம். அவர் போன மாதம் பாலம் திறந்த படத்துக்கு விழுந்தது நாற்பத்தொன்று. அதில் ஒன்று உதோம் போட்டது.

மண்டபத்தில் பிக்குகள் ஓதி முடித்துச் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மணப்பெண்கள் இருவரும் தாழ்வான பலகையில் முழங்காலிட்டு, பூக்கிண்ணங்களின் மேல் கைகூப்பிக் குனிந்திருந்தார்கள். இரண்டு தலைகளையும் ஒரே வெள்ளை நூல் இணைத்திருந்தது. நரோங் அப்போதுதான் சங்கைக் கையில் வாங்கியிருந்தார். எதிரே ஏழெட்டுக் கேமராக்கள்.

தனகோர்ன் பெண்களைப் பார்க்கவில்லை. கேமராக்களைத்தான் பார்த்தார். கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு முன்னால் போனார்.

“சங்கைக் கொடு தம்பி. இது என் தொகுதி.”

யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். கைகலப்பு வரும் என்று நினைத்து உதோம் ஓரடி முன்னே நகர்ந்தார். நரோங் தனகோர்னின் முகத்தையே ஒரு கணம் பார்த்தார். பிறகு சங்கை இரண்டு கைகளாலும் நீட்டினார்.

“வாங்கண்ணே. உங்க இடந்தான்.”

இவ்வளவு சுலபமாகத் தோற்பான் என்று தனகோர்ன் எதிர்பார்க்கவில்லை. வாய்கொள்ளாச் சிரிப்போடு கேமராக்கள் பக்கம் திரும்பினார். அருகில் இருந்த பெண்ணின் கைகளில் நீரை வார்த்தபடி, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேசினார்.

“ரெண்டு பேரும் நூறு வருஷம் நல்லா இருக்கணும். சட்டம் இப்பதான் வந்துச்சு. என் மனசுல நீங்க எப்பவோ என் பொண்ணுங்கதான்.”

கேமராக்கள் மின்னின. கைதட்டல் எழுந்தது.

அடுத்த பெண்ணுக்காகக் காலிச் சங்கைப் பக்கவாட்டில் நீட்டினார். நிரப்ப வந்த கையில் பழக்கமான வளையல். நிமிர்ந்தார். மாலி, ரோஜா நிறப் பட்டில், நீர்க்குடத்தோடு நின்றிருந்தாள்.

“கோயிலுக்குன்னு சொன்னே?” என்றார், சிரிப்பைக் கலைக்காமல், பல்லுக்குள்ளேயே.

மாலி அவர் முதலில் நீர் வார்த்த பெண்ணைப் பார்த்தாள்.

நூல் நழுவிவிடாமல், தலையை நிமிர்த்தாமல், அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்.

“நீங்க வர மாட்டீங்கன்னு நினைச்சுத்தான் அவரைக் கூப்பிட்டேன், அப்பா.”