பறவை மட்டும் கிடைக்காது

“சிங்கம்னு அடிச்சா வருது. சிலுவை, நட்சத்திரம், மீனு எல்லாம் வருது. பறவைன்னா மட்டும் உங்க சாஃப்ட்வேருக்குக் கண்ணு தெரியாதா மாமா?”

பழுது பார்த்த லேப்டாப்பை தனசேகரன் கையில் கொடுத்துவிட்டு, வாசல்படியில் நின்றபடியே கேட்டாள் மஞ்சுளா.

மூன்றாம் மாடிக்காரி. வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு சாஃப்ட்வேரில் தப்பு கண்டுபிடித்துக் கொடுக்கும் உத்தியோகம். அந்தக் குணம் வேலை நேரத்தோடு நிற்பதில்லை என்பதுதான் அக்கம்பக்கத்தாரின் குறை.

தனசேகரன் ஆறாம் மாடி. மனைவி போய் ஒன்பது வருஷம். பிள்ளை குட்டி இல்லை. தெருவில் நாலு பேர், அந்த ஊர் வழக்கப்படி பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ஒரு ‘ஊ’ சேர்த்து, “ஊ சேகர், சாப்பிட்டாச்சா?” என்பார்கள். பதிலுக்கு நிற்கமாட்டார்கள்.

ஆனால் ஆஸ்திரேலியாவில் அவரை நாற்பது பேருக்குத் தெரியும். அங்கே ஒரு கூட்டம். வாரம் முழுக்க பல் டாக்டர், பஸ் டிரைவர் என்று இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டு அந்தக் காலத்து ஐரோப்பிய வீரர்களாகிவிடுவார்கள். ஆளுக்கொரு கேடயம், கேடயத்துக்கொரு சின்னம். ஒருவர் சின்னத்தின் சாயல்கூட இன்னொருவர் சின்னத்தில் இருக்கக்கூடாது. புதிதாக யார் சின்னம் கேட்டாலும் ஒரு குழு கூடித் தீர்ப்புச் சொல்லும்.

அப்படி ஐம்பது வருஷத் தீர்ப்புகள். அவற்றில் தேடத்தான் தனசேகரன் ஒரு சாஃப்ட்வேர் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாக விட்டிருந்தார். சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது நண்பர் ஒருவர் ஒட்டவைத்துவிட்ட கேடயப் பைத்தியம் அது.

“உள்ள வாயேன் மஞ்சு. டீ போடுறேன்.”

“இல்ல மாமா, மீட்டிங் இருக்கு. நான் கேட்டதுக்கு பதில் சொல்லுங்க. பறவைன்னு தேடினா ‘எழுதியவரிடம் கேட்கவும்’னு உங்க இமெயில் வருது. பாவம், அவங்க உங்களுக்கு எழுதிட்டு, இங்க கரண்ட் எப்ப வரும், இவரு எப்ப பதில் போடுவாருன்னு உட்கார்ந்திருக்கணும்.”

“போட்டுடுறேன்ல?”

“எட்டு வருஷமாவா? ஒரே ஒரு வரி மாமா. நான் மாத்தித் தரட்டா?”

“வேணாம், வேணாம். நானே பார்த்துக்கிறேன்.”

“இலவசம்னா தப்பும் தவறுமா குடுக்கலாமா?”

அவர் காதில் அது விழவில்லை. லேப்டாப் உயிர் பெற்றதும் முதல் வேலையாகக் கடிதங்களைத் திறந்திருந்தார்.

“வந்திருக்கு மஞ்சு! வெள்ளைக் கொக்காம், பச்சைப் பின்னணியாம். இது செல்லுமான்னு கேட்டிருக்காங்க. உங்க ஊர்ல மழை விட்டுச்சான்னு வேற...”

மஞ்சுளா படியிறங்கிவிட்டாள். ஒரு மனுஷருக்கு இவ்வளவு சோம்பேறித்தனமா? தன்னைத் தேடி வரவேண்டும் என்று இவ்வளவு ஆசையா?

யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றுதானே விட்டிருக்கிறார்? அன்று மத்தியானமே அந்த ஒரு வரியைத் திருத்தினாள். பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து விழுந்தன. திருத்தியதை அந்தக் கூட்டத்தின் தலைவிக்கு அனுப்பினாள். ‘அவர் செய்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்’ என்று பெரிய மனசோடு ஒரு வரியும் சேர்த்தாள்.

மறுநாள் காலை பதில் வந்தது.

‘அன்புள்ள மஞ்சுளா,

நன்றி. அந்த வரியை ஏழு வருஷத்துக்கு முன்பே எங்கள் கம்ப்யூட்டர்களில் திருத்திவிட்டோம். தயவுசெய்து அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

முதல் தடவை ஒரு கழுகைப் பற்றி நான்தான் அவரைக் கேட்டேன். நாலு பக்கம் பதில் எழுதினார். கடைசியில், “என் மனைவி போனபிறகு இவ்வளவு நேரம் யாரோடும் பேசியதில்லை” என்று இருந்தது.

அன்றிலிருந்து முறை வைத்துக்கொண்டு எழுதுகிறோம். வாரத்துக்கு ஒருவர். இந்த வாரம் கொக்கு. அடுத்த வாரம் என் முறை.

ஒரே கஷ்டம், எங்களுக்குத் தெரிந்த பறவைகள் தீர்ந்துகொண்டிருக்கின்றன. உங்கள் ஊர்ப் பறவை ஏதாவது இருந்தால் சொல்லி உதவுங்கள்.’

மஞ்சுளா அதை இரண்டு தரம் படித்தாள். பிறகு திருத்திய வரியைப் பழையபடி ஆக்கினாள். அவளுக்கு அழுகை வந்தது.

கடல் தாண்டி இருக்கிறவர்கள் ஏழு வருஷமாக அவர் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவளோ மூன்று மாடி கீழே இருந்துகொண்டு, ஒரு நாளும் அந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. தப்பு கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. இந்தத் தப்பு மட்டும் அவள் கண்ணில் படவில்லை.

கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு ஆறாம் மாடிக்கு ஏறினாள்.

கதவைத் திறந்த தனசேகரன் பதறினார். “என்னம்மா? லேப்டாப்புல மறுபடி ஏதாச்சும் கோளாறா?”

“அதெல்லாம் இல்ல மாமா. ஆத்துக்கு அக்கரையில டாலாவுக்குப் படகுல போறப்போ, பின்னாடியே கத்திக்கிட்டு வருமே வெள்ளைப் பறவை, அதை ஒரு கேடயத்துல போடணும்னா செல்லுமா?”

அவர் முகம் மலர்ந்தது. உடனே வாடியது.

“தேடணும் மஞ்சு. பறவைன்னா நேரம் பிடிக்கும். உனக்கு மீட்டிங் இருக்குமே...”

மஞ்சுளா உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நேரம் பிடிக்கும்னுதான் மாமா பறவையா கேட்டேன்.”