இடது கால், ஏழாம் நம்பர்

கடைக்காரர் முட்டி போட்டு உட்கார்ந்து அந்தப் பெண்ணின் இடது காலில் செருப்பை மாட்டினார். வலது பக்கம் வேலையில்லை. முழங்காலுக்குக் கீழே அங்கே ஒன்றுமில்லை.

ஒற்றைச் செருப்பு விற்கிற கடை சுற்றுவட்டாரத்தில் இது ஒன்றுதான். மற்ற இடங்களில் ஜோடியாக வாங்கி ஒன்றைத் தூக்கிப் போட வேண்டும். இவரோ இடது ஏழு ஒருத்தருக்குப் போனால், வலது ஏழு யாருக்கு ஆகும் என்று நோட்டைப் புரட்டித் தேடிப் பிடித்து ஆள் அனுப்புவார்.

சண்டை முடிந்து பட்டாளத்திலிருந்து திரும்பியதும் ஆரம்பித்த கடை. பதினைந்து வருஷமாகிறது.

கூட இருந்தவர்களுக்குக் கால் போனதைப் பார்த்த மனசு, அதான் இப்படி இளகிக் கிடக்கிறது என்று ஊரே பேசும். புண்ணியவான் என்றே பெயராகிவிட்டது. அவர் மறுத்ததில்லை. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

எங்கே கால் போனது என்று மட்டும் யாரிடமும் கேட்க மாட்டார்.

பக்கத்து ஸ்டூலில் அவள் புருஷன். கேட்காமலே சொல்லுகிற ரகம். அன்றைக்கு அவனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"பாலத்துக்குக் கீழ, மோட்டார் ரூம் வச்ச தோட்டம் இருக்கே, அதாண்ணே நம்மது. பட்டாளம் வரைஞ்சு வச்ச படத்துல பன்னெண்டு கண்ணிவெடின்னு போட்டிருந்துச்சு. படத்தப் பாத்து வெடி எடுக்குறவங்க பதினொண்ண எடுத்தாங்க, ஒண்ண இவ காலால எடுத்தா. சரியாப் போச்சு. நாளைக்குக் காலையில டிராக்டர் இறங்குது!"

அவள் அவனை முறைத்தாள். ஆனாலும் உதட்டோரம் சிரிப்பு இருந்தது. இத்தனை வருஷம் அடுத்தவன் நிலத்தில் கூலிக்குக் குனிந்த குடும்பம்.

வார் மாட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

பன்னிரண்டு சரிதான். அவர் கையால் புதைத்து, அவர் கையால் படத்தில் புள்ளி வைத்தது. ஆனால் அன்றைக்குப் பெட்டியில் இருந்தது பதின்மூன்று. மிஞ்சிய ஒன்றைத் திரும்ப முகாம் வரை சுமக்கச் சோம்பல். போகிற வழியில் வேலியோரம் ஒரு குழி தோண்டி மூடினார். படத்தை ஏற்கெனவே மடித்துப் பையில் போட்டாயிற்று. ஒன்றுதானே என்று விட்டுவிட்டார்.

இப்போதும் சும்மா இருந்தால் போதும். புண்ணியவான் புண்ணியவானாகவே இருக்கலாம். டிராக்டர் அந்த மூலைக்குப் போகாமலே கூட இருக்கலாம்.

அப்படி நினைத்ததற்கே தன் முகத்தில் தானே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது அவருக்கு.

"இன்னும் ஒண்ணு இருக்குங்க. மோட்டார் ரூமுக்குப் பின்னால, வேலியோரம். படத்துல இருக்காது."

புருஷன் சிரித்தான். அண்ணன் விளையாடுகிறார் என்று நினைத்தான். பிறகு, படத்திலேயே இல்லாதது அண்ணனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான். கேட்டுவிட்டு மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

அவளுக்கு விளங்கிவிட்டது.

தன் காலடியில் குனிந்திருந்த அந்த நரைத்த தலையைப் பார்த்தாள். அப்புறம் வாரை அவளே கழற்றினாள். செருப்பை அவர் கையிலேயே வைத்தாள். ஊன்றுகட்டைகளைக் கக்கத்தில் கொடுத்து எழுந்தாள்.

கடைக்குள் நுழைந்ததிலிருந்து அண்ணே, நீங்க, வாங்க என்றுதான் பேசிக்கொண்டிருந்தாள்.

"வந்து எடத்தக் காட்டு. தோட்டத்துக்குள்ள நீ முன்னால நட."